பிறக்கும் முன் செய்த செண்டுப்பூ

ஜெஸ்லாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிறந்த பிள்ளைக்கு மட்டும்தான் பூ செய்து கொடுப்பாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குச் செய்ய மாட்டாள். எத்தனையோ பேர் கேட்டும் அசையாமல் இருந்த அந்தக் கண்டிப்பை, போன வருஷம் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலையில் பேசிப் பேசியே உடைத்தவள் நான். ஆகவே நடந்ததைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

என் பெயர் பிரவீனா. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகும் சின்ன வீதியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட், அடையாள அட்டைப் படம், போனுக்கு ரீலோட் எல்லாம் உண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை. மூடநம்பிக்கை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஜெஸ்லா கொங்காவெலயில் இருக்கிறாள். வயது முப்பத்தேழு. கணவர் பஸ்லி ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார், வாய் திறந்து பேசாத மனுஷர். கலியாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. கண்டிக்கும் கொழும்புக்கும் போய்ப் பார்க்காத டொக்டர் இல்லை. கடைசியில் இரண்டு பேரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை.

அவள் செய்வது இதுதான். பூவைப் பறித்து, ஈரம் உறிஞ்சுகிற ஒரு மணலுக்குள் பத்து நாள் புதைத்து வைப்பாள். நிறம் மாறாமல் காய்ந்து வந்ததும், ரெசின் என்று சொல்கிற, ஊற்றினால் கல்லாக இறுகிப் போகும் திரவத்துக்குள் அதை நிறுத்துவாள். ஒரே தடவையில் ஊற்ற முடியாது. கொஞ்சம் ஊற்றி, ஒரு நாள் இறுக விட்டு, மறுபடி கொஞ்சம். மாத்தளையின் மழை ஈரத்தில் ஒரு சின்னக் குமிழ் உள்ளே போனாலும் வேலை கெட்டது. நல்லபடி வந்தால் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடிக் கட்டி, அதற்குள் அன்று பூத்த மாதிரி ஒரு பூ. அடியில் பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும்.

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பிறப்புப் பூ என்று வெளிநாட்டார் வைத்திருக்கும் பட்டியலை அவளுக்குக் காட்டியவளும் நான்தான். அதில் பாதிப் பூவை நாங்கள் கண்ணாலும் கண்டதில்லை. மார்ச் மாதத்துக்கு டஃபடில் என்று போட்டிருந்தது. மாத்தளையில் டஃபடிலுக்கு எங்கே போவது? அந்த மாதத்தில் இங்கே கோப்பிச் செடி பூக்கும், அதைப் போட்டாள் ஜெஸ்லா. மே மாதத்துக்கு வெசாக் ஓர்கிட். செப்டெம்பருக்கு ஆஸ்டர், நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறியில் வரும். ஒக்டோபருக்குக் கவலை இல்லை, செண்டுப்பூ. சிங்கள ஆட்கள் தாஸ்பெத்தியா என்பார்கள், எந்த வேலியோரத்திலும் கிடைக்கும்.

பூவின் அர்த்தத்தை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துக் கூடவே கொடுப்போம். அது என் வேலை. இணையத்தில் தேடி எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கரையில் ஒரு கொடி வரைந்து அடிப்பேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து வயசானவர்களுக்குப் பிள்ளைகள் வந்து செய்யச் சொல்லும்போதுதான் சிரிப்பு. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுப் பத்திரத்தில் ஜனவரி ஒன்று என்று போட்டிருப்பார்கள். என் மாமா மாடசாமி, அவருடைய தங்கச்சி, பக்கத்து லயத்து வீட்டுக் கிழவர் எல்லோரும் ஜனவரிப் பிறப்பு. ஜனவரிக்குரிய பூ கார்னேஷன், ஒரே தோட்டத்துக்கு ஒன்பது கொடுத்திருக்கிறோம்.

இந்த வேலையில் ஜெஸ்லா செய்யாத ஒன்று உண்டு. பூவைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாள். பிள்ளை இருக்கிற வீட்டுப் படி ஏற மாட்டாள். எல்லாம் என் கடைக்கு வரும், ஆட்கள் இங்கே வந்து எடுத்துப் போவார்கள். அவளோடு பஸ்ஸில் போனால் காரணம் விளங்கும். கைப்பிள்ளையோடு இருக்கிறவர்கள் அவள் ஏறுவதைக் கண்டதும் துணியை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடுவார்கள். தெரிந்தவர்களே செய்வார்கள். மூடிவிட்டு, "சொகமா ஜெஸ்லா?" என்று சிரிப்பார்கள். பிள்ளை இல்லாதவள் கண் பிள்ளைக்கு ஆகாதாம். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. ஜெஸ்லாவோ வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

இப்படி இருக்கையில்தான் இப்திகார் வந்தான். இருபத்தொன்பது வயது, வாசனைத் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவும் சாதிக்காயும் காட்டி விளக்குகிற வேலை. அந்த வேலையில் வாய் நன்றாக வளர்ந்திருந்தது. மனைவி அம்றாவுக்கு முதல் பிள்ளை, ஒக்டோபர் பதினாலாம் திகதி என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். இவனுக்கோ கட்டாருக்கு விசா வந்துவிட்டது. செப்டெம்பர் நாலாம் திகதி பயணம்.

அன்றைக்கு ஜெஸ்லாவும் கடையில் இருந்தாள். முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். அவன் அவளைப் பார்த்து, "தாத்தா, ரெண்டு வருஷத்துக்கு நான் வர ஏலா. என்ட புள்ள பொறக்கக்குள்ள நான் ஈக்க மாட்டேன். அன்டைக்கு அம்றாட கையில வாப்பா தந்தது எண்டு ஒரு சாமானாவது ஈக்கணும்" என்றான்.

"புள்ள பொறக்கட்டும் தம்பி. பொறந்த பொறகு செஞ்சு தாரன்."

"பொறந்த பொறகு எண்டா பத்து நாள் காயணும், பொறகு ஊத்தணும், மூணு கிழமை போகும் எண்டு இந்த அக்கா சொன்னாங்க. எனக்கு அன்டைக்கே குடுக்கணும் தாத்தா."

ஜெஸ்லா தலையை ஆட்டினாள். பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது இங்கே முஸ்லிம்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற துணிகூடச் சொந்தக்காரப் பிள்ளைகள் போட்ட பழசாகத்தான் இருக்கும். முந்திக்கொண்டு வாங்கினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். ஜெஸ்லாவுக்கு அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. வேறு யாராவது முந்திச் செய்து ஏதாவது நடந்தால் விதி என்பார்கள். அவள் செய்து நடந்தால் அவள் கண் என்பார்கள்.

அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினேன். "ஏங்கக்கா, நீங்களும் இந்தப் பைத்தியக்காரக் கதைய நம்புறீங்களா? கட்டாருக்குப் போற மனுஷன், ஆசையாக் கேக்குறாரு. ஒரு பூ போயி புள்ளைய என்ன செய்யும்? யாருக்கும் சொல்ல வேணாம். செஞ்சு என் மேச லாச்சியில வெச்சிருப்போம். புள்ள பொறந்த அன்னைக்கு நான் கொண்டு போய்க் குடுக்குறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இப்திகாரைப் பார்த்தாள். கடைசியில், "பேரும் திகதியும் போட மாட்டேன். அது பொறந்த பொறகு" என்றாள். எனக்கு வெற்றி. அன்று முழுவதும் அதை நினைத்து மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

செண்டுப்பூ அழகாக வந்திருந்தது. நல்ல ஆரஞ்சு நிறம், ஒரு இதழ்கூட மடங்கவில்லை. இப்திகார் விமானம் ஏறும் முன் கடைக்கு வந்து பார்த்துவிட்டு, கண் கலங்கி, மேசை லாச்சியை இழுத்து அவனே உள்ளே வைத்துவிட்டுப் போனான். அட்டையும் அடித்து வைத்தேன். "செண்டுப்பூ: சூரியனின் வெப்பம், விடாத அன்பு." அட்டையில் போடாமல் விட்ட ஒன்று உண்டு. இணையத்தில் செண்டுப்பூவுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது. ஒன்று நான் எழுதியது. மற்றது துயரம். துயரத்தை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? அதனால் விட்டுவிட்டேன். மூன்று வருஷமாக ஒக்டோபர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்து வந்தேன். ஒரு நாளும் உறுத்தியதில்லை.

செப்டெம்பர் பதினாறாம் திகதி காலை, கடை திறந்து அரை மணித்தியாலம் இருக்கும், அம்றாவின் தாய் அபீபா வந்தார். முந்தானையை ஒழுங்காகப் போடாமல், கால் மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் அம்றாவின் கிளினிக் புத்தகமும் அடையாள அட்டையும்.

"ரெண்டு கொப்பி எடுத்துத் தாங்க மகள், கெதியா. அம்றாவ ராவு ஆஸ்பத்திரியில வெச்சது. பிரஷர் கூடிட்டாம், கண்ணுக்கு ஒண்டும் தெரியல்ல எண்டு சொல்றா. இப்ப கண்டிக்கு அனுப்பிட்டாங்க. நான் பின்னால போறன்."

மெஷினில் தாளை வைத்துக்கொண்டே, "ஒம்பது மாசம் ஆகலியேம்மா" என்றேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"இன்னம் நாலு கிழமை ஈக்கி. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா." அவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஆருடையோ கண்ணூறு மகள். இல்லாட்டி இப்படி வராது. ஆரோ கண்ணு பட்டிட்டு."

அவர் வயிறு முட்டிக்கொண்டிருந்தது அந்த லாச்சியில்தான். ஒரு அங்குலப் பலகைக்கு அந்தப் பக்கம் செண்டுப்பூ இருந்தது. கொப்பியைக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன், பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து லாச்சியைத் திறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இந்த நம்பிக்கைகள் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அன்று காலை முழுவதும் அந்த லாச்சியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. துயரம் என்ற அர்த்தத்தை மறைத்து வைத்தது வேறு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுதாமல் விட்டால் இல்லாமல் போய்விடுமா? துயரத்தைச் செய்யச் சொல்லி, அதற்கு நல்ல பெயர் அடித்து, பிள்ளை வருவதற்குள் லாச்சியில் தயாராக வைத்திருந்தவள் நான். இப்படியெல்லாம் புத்தி ஓடியது. அப்படி ஓடுவது மடத்தனம் என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஜெஸ்லாவிடம் சொல்வதா விடுவதா என்று மத்தியானம் வரை யோசித்தேன். வேறு வாயால் கேட்டால் இன்னும் மோசம். கடைசியில் லாச்சியைத் திறந்து, கட்டியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கொங்காவெலக்குப் போனேன்.

அவள் பின் அறையில் ரோஜா இதழ்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை இதழ்களைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அதத் தாங்க."

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"ஒடைக்கப் போறன்."

பஸ்லியின் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் வைத்து அடித்தாள். கட்டி தெறித்துப் போய்க் கறிவேப்பிலை மரத்தடியில் விழுந்தது. எடுத்து வந்தாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அவள் மறுபடி அடித்தாள். வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்தது, அவ்வளவுதான். அம்மியில் வைத்துக் குழவியைத் தூக்கிப் போட்டோம். குழவியின் ஓரம் பெயர்ந்தது. பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆரஞ்சு நிறத்தோடு உள்ளே இருந்தது.

"எரிச்சிருவோமா?" என்றேன்.

"எரியாது. பொகஞ்சு நாறும். ஊரே வந்து என்ன எரிக்கிற எண்டு கேக்கும்." சுத்தியலைப் போட்டுவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். "நூறு வருஷத்துக்கும் அழியாது எண்டு சொல்லித்தானே விக்கிறோம் பிரவீனா."

சிரிக்க வேண்டிய பேச்சு. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளே தொடர்ந்து சொன்னாள். "அல்லாட நாட்டமில்லாம ஒண்டும் நடக்காது எண்டு எனக்குத் தெரியும். பூவாலயும் நடக்காது, கண்ணாலயும் நடக்காது. தெரியும். ஆனா அந்தப் புள்ளைக்கு ஒண்டு ஆனா, நான் இந்த ஊர்ல எப்பிடி நடக்குற? நடக்குறத விடுங்க. எனக்கே என் மேல சந்தேகம் வந்திடும். பதினோரு வருஷம் அதுக்கு எடம் குடுக்காம ஈந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் நான் அதிகம் செய்யாத காரியம் அது. அவள் கேட்ட மாதிரித் தெரியவில்லை. "நான் வேற ஆளுக்குச் செஞ்ச ஒரு பூட போட்டோவப் பாத்து, அம்றா எனக்கு ஒரு நாள் மெஸேஜ் போட்டிருந்தா. அழகா ஈக்கி தாத்தா எண்டு எழுதினா. நல்ல புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

கட்டியை அவள் வீட்டில் வைக்க விடவில்லை. நான் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு வந்து அதே லாச்சியில் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள். கண்டியிலிருந்து சேதி எதுவும் இல்லை. அபீபாவுக்குப் போன் எடுக்க எனக்குப் பயம். எடுக்காமல் இருக்கவும் பயம். மாரியம்மன் கோவில் பக்கமாகப் போகிற சாக்கில் உள்ளே போய்க் கற்பூரம் கொளுத்தினேன். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு கொளுத்தினேன். ஜெஸ்லா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, "ஏதாவது தெரியுமா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை, இல்லை என்று பதில் போட்டுப் போட்டு விரல் சலித்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கட்டாரிலிருந்து இப்திகாரின் அழைப்பு வந்தது. போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை. என்ன சொல்வது? பிறகு குரல் செய்தி ஒன்று வந்தது. அதைப் போட்டுக் கேட்கவே கால் மணித்தியாலம் எடுத்தது.

"அக்கா, அந்தப் பூவ அம்றா வீட்டுக்குக் குடுத்திட்டீங்களா? குடுக்கல்ல எண்டா குடுக்க வேணாம். எங்கயாவது தூரமாப் போட்டுடுங்க. நான் அவசரப்பட்டிட்டன். நான்தான் முந்திக்கிட்டன் அக்கா. ஜெஸ்லா தாத்தா வேணாம் எண்டுதானே சொன்னாங்க. இங்க லீவு தர மாட்டேங்குறாங்க. என்ட புள்ளைக்கு நானே செஞ்சிட்டன்." அதற்கு மேல் அழுகைதான்.

அதை ஜெஸ்லாவுக்கு அனுப்பினேன். அவள் கேட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது.

பத்தொன்பதாம் திகதி காலை ஒன்பதரைக்கு அபீபாவே எனக்குப் போன் எடுத்தார். அவர் குரல் கேட்டதும் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். பெண் பிள்ளை. ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். இரண்டு கிலோ நூறு கிராம். அம்றா கண் திறந்து பேசினாள். பிள்ளையைக் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்களாம், பயப்பட ஒன்றுமில்லையாம். "நீங்க அன்டைக்கு பஸ்ஸுல ஏத்திவிட்டீங்களே மகள், அதுதான் ஒங்களுக்குச் சொல்லோணும் எண்டு நெனச்சன்" என்றார். நான் வாய்விட்டு அழுதேன். கடைக்குள் நின்ற ஒரு சிங்கள ஐயா, அடையாள அட்டைப் படம் எடுக்க வந்தவர், ஒன்றும் புரியாமல் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார்.

ஜெஸ்லாவுக்குப் போனில் சொன்னேன். "செப்டெம்பர் எண்டா ஆஸ்டர். நுவரெலியா லொறிக்காரருக்குச் சொல்லி வெக்கிறன்" என்றாள். வேலையைப் பற்றிப் பேசிவிட்டால் அவள் மூச்சு விட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

அடுத்த மாதம் அபீபா கடைக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழுக்குக் கொப்பி எடுக்க. ஹனா என்று பெயர் போட்டிருந்தது. அன்றைக்கு அவருக்குப் பேச நேரம் இருந்தது. எனக்கும் மனதில் ஒன்றை வைத்துக்கொள்ள முடியவில்லை. செண்டுப்பூக் கதையைச் சொல்லிவிட்டேன். யார் பேச்சைக் கேட்டு யார் செய்தது, யார் வேண்டாம் என்றது எல்லாம் ஒன்றுவிடாமல். ஜெஸ்லா உடைக்கப் பார்த்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அபீபா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். "மகள், நான் ஜூலை மாசம் கண்டிக்குப் போன நேரம் ஒரு ஃபிராக் வாங்கினேன். ரோஸ் கலர். ஆசை. வாங்கிக் கொண்டுவந்து அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில மூணு நாளும் நான் அரிசி டின்னத்தான் நெனச்சுக்கிட்டு ஈந்தேன். கண்ணூறு எண்டு ஒங்கட்ட சொன்னது ஆருடைய கண்ணு எண்டு நெனச்சீங்க? என்ட கண்ணு."

"ஐயோ அம்மா."

"இன்னம் கேளுங்க. இவ, அம்றா, புள்ளைக்குப் பேர் வெச்சு கிளினிக் புத்தகத்துக்குப் பின்னால எழுதி ஈக்கிறா. பொறக்க முந்தி! அத நெனச்சு நெனச்சுத்தான் அவளுக்குப் பிரஷர் எறங்கல்ல போல. ஒப்பரேஷனுக்குப் போகக்குள்ள, உம்மா அந்தத் தாளக் கிழிச்சிடுங்க எண்டு சொல்லிட்டுப் போறா." அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "எல்லாரும் செஞ்சுதான் ஈக்கிறோம். ஒராள் ஒராளுக்குச் சொல்லல்ல, அவ்வளவுதான்."

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, "புள்ளைட நாப்பதாம் நாள் விருந்துக்கு அந்த ஜெஸ்லாவக் கூட்டிக்கிட்டு வரணும். பூவ மட்டும் குடுத்தனுப்புற பழக்கம் வேணாம் எண்டு சொல்லுங்க. நான் கூப்பிட்டது எண்டு சொல்லுங்க" என்றார்.

ஜெஸ்லாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. ஆஸ்டர்ப் பூ தயார், பெயரும் திகதியும் போட்டாயிற்று. "நீங்க கொண்டு போங்க" என்பாள், "எனக்குத் தலையிடி" என்பாள், "பஸ்லிக்குச் சோறு வெக்கணும்" என்பாள். கடைசியில் பஸ்லியே, "போயிட்டு வாங்களேன்" என்றார். அவர் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சு அது. அபீபாவின் வீட்டுக்கு, உக்குவெலப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கை ஈரத்தில் பெட்டியின் தாள் ஊறிப்போனது.

வீடு நிறையப் பெண்கள். வாசலுக்கு வந்ததும் ஜெஸ்லா நின்றுவிட்டாள். உள்ளே இருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கண்டேன், எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் அபீபா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தார்.

"வாங்க, உள்ளுக்கு வாங்க. இந்தாங்க, புள்ளயப் புடிங்க."

ஜெஸ்லா கையை நீட்டவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரல் உயராமல், "எனக்குப் புள்ளையள் இல்ல. ஒங்களுக்குத் தெரியும்தானே" என்றாள். அவள் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியும். எனக்கு அடுப்புல வட்டிலப்பம் ஈக்கி. நான் எவ்வளவு நேரம் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற? புடிங்க" என்று சொல்லிப் பிள்ளையை அவள் கையில் வைத்துவிட்டு அபீபா குசினிக்குப் போய்விட்டார். திரும்பியும் பார்க்கவில்லை.

ஜெஸ்லா அப்படியே ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். ஹனா முழித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டிலில் இருந்த அம்றா, "தாத்தா, அவ ஒங்களத்தான் பாக்குறா" என்றாள். நான் பக்கத்தில் நின்று எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். இப்ப என்ன சொல்றீங்க என்று கேட்காத குறைதான். என் நெஞ்சு பெருமையில் நிமிர்ந்திருந்தது.

அப்போது பிள்ளைக்கு முகம் சுருங்கியது. ஒரு இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. மூச்சை உள்ளே இழுத்த பிள்ளை அதை விடவில்லை, முகம் சிவந்தது.

"கொண்டாங்கக்கா, என்கிட்ட குடுங்க."

சொன்னது அந்த இரண்டு பெண்களும் இல்லை, வேறு யாரும் இல்லை. நான்தான். யோசிக்காமல் சொன்னேன். என் இரண்டு கைகளும் பிள்ளைக்கு நேரே நீண்டிருந்தன. என் மனதில் இருந்தது இருமல் இல்லை. கடவுளே, இவள் கையில் இருக்கும்போதா, என்பதுதான்.

ஜெஸ்லா என் கைகளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. பஸ்ஸில் துணியை இழுத்து மூடுகிறவர்களை ஒரு கணம் பார்த்துவிட்டு அவள் வெளியே திரும்புவாளே, அதே பார்வை. எத்தனையோ தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

"இருக்கட்டும் பிரவீனா. பால் கக்கப் பாக்குறா" என்றாள்.

பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள். ஹனா கொஞ்சம் கக்கியது, மூச்சு விட்டது, பிறகு வீடு அதிரக் கத்தியது. ஜெஸ்லா தன் முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டு, தோளிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக அசைந்தாள். பிள்ளையை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. நீட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் நின்றேன்.